விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் மாறிய ராமானுஜன்... கம்ப்யூட்டர் 'கிராஃப்'களுக்கு அவர் பெயர் வந்தது எப்படி?

திண்டிவனத்தில் இருந்து விழுப்புரம் போக மொபைல் மேப்பில் வழி கேட்டால், ஒரு நொடியில் பதில் வந்துவிடுகிறது. ஃபேஸ்புக்கைத் திறந்தால், இவரைத் தெரியுமா என்று நண்பரின் நண்பரைக் காட்டுகிறது. ரயில் ஆப்பில் ஊர் பெயரைப் போட்டால், எங்கே இறங்கி எங்கே மாற வேண்டும் என்று சொல்கிறது.

மூன்றும் வேறு வேறு ஆப்தான். ஆனால் உள்ளே இருக்கும் அமைப்பு ஒன்றுதான். அதன் பெயர் கிராஃப்.

இந்த கிராஃப்களில் ஒரு சிறப்பு வகைக்கு 'ராமானுஜன் கிராஃப்' என்று பெயர். நம்ம கும்பகோணம் ராமானுஜன்தான். இதில் ஆச்சரியம் என்னவென்றால், கிராஃப் தியரி பற்றி அவர் ஒரு ஆய்வுக் கட்டுரைகூட வெளியிட்டதில்லை. அவர் இறந்தது 1920-ல். கிராஃபுக்கு அவர் பெயர் வந்தது 1988-ல்.

68 வருஷம் கழித்து அவர் பெயர் அங்கே எப்படி வந்தது? அவர் வாழ்க்கையில் விழுப்புரம் ஜங்ஷனுக்கு என்ன இடம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், கிராஃப் என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் கட்டம் போட்ட தாளில் வரைவோமே, அந்த கிராஃப் இல்லை இது. இங்கே கிராஃப் என்றால் புள்ளிகளும், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகளும். அவ்வளவுதான். புள்ளியை 'நோடு' என்றும், கோட்டை 'எட்ஜ்' என்றும் கம்ப்யூட்டர் துறையில் சொல்வார்கள்.

ஊர்களைப் புள்ளியாகவும் ரயில் பாதைகளைக் கோடாகவும் வைத்தால், அது ஒரு கிராஃப். மனிதர்களைப் புள்ளியாகவும் பழக்கத்தைக் கோடாகவும் வைத்தால், அதுவும் ஒரு கிராஃப்.

1736-ல் லியோனார்ட் ஆய்லர் என்ற கணித மேதை, கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் 7 பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து நடக்க முடியுமா என்ற கேள்விக்கு, முடியாது என்று நிரூபித்தார். கிராஃப் தியரியின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார்

சீனிவாச ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். அது அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டு ஊர். அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் வீடு. வசதி இல்லாத குடும்பம்.

டவுன் ஹைஸ்கூலில் படித்தபோதே கணக்கில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டார். 1903-ல் ஒரு புத்தகம் அவர் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு அது. சுமார் 5,000 தேற்றங்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு முழு நிரூபணம் இருக்காது. மற்றவர்களுக்கு அது ஒரு பரீட்சைக் குறிப்பு மாதிரி. ராமானுஜன் ஒவ்வொன்றையும் தானே நிரூபித்துப் பார்த்தார். பிறகு அதில் இல்லாதவற்றையும் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்.

1904-ல் ஸ்காலர்ஷிப்புடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேதான் சிக்கல். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனசு போகவில்லை. ஸ்காலர்ஷிப் போனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். அங்கேயும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை.

டிகிரி இல்லை. வேலை இல்லை. 1909 ஜூலையில் ஜானகியுடன் கல்யாணமும் ஆகிவிட்டது. கையில் இருந்தது கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் மட்டும்தான். பேப்பர் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, விடையை மட்டும் நோட்டில் எழுதிவைத்தார்.

அவர் எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள அவரைச் சுற்றி ஆளே இல்லை. கிராஃப் பாஷையில் சொன்னால், சரியான இடத்துக்குப் போகும் கோடு எதுவும் இல்லாத ஒரு புள்ளி.

1910: விழுப்புரத்தில் இறங்கினார்

அந்தக் கோடு 1910-ல் கிடைத்தது.

வி.ராமசாமி ஐயர் என்பவர் அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டர். அரசு வேலை பார்த்தாலும் கணக்கின் மேல் தீராத ஆசை கொண்டவர். 1907-ல் இந்திய கணிதச் சங்கத்தைத் தொடங்கியவரே அவர்தான்.

அவரைப் பார்க்க ராமானுஜன் கும்பகோணத்தில் ரயில் ஏறினார். விழுப்புரத்தில் இறங்கி, காட்பாடி பக்கம் போகும் ரயிலுக்கு மாறி, திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். போன காரணம் ரொம்பச் சின்னது. தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை கிடைத்தால் போதும் என்பதுதான் அவர் ஆசை.

ராமசாமி ஐயர் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். இந்தத் திறமையைத் தாலுகா ஆபீஸ் மேஜையில் முடக்கிவிடக் கூடாது என்று முடிவு செய்தார். கிளார்க் வேலை தரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

வேலை கிடைக்காமல் போனதுதான் ராமானுஜன் வாழ்க்கையில் திருப்பம்.

கம்ப்யூட்டர் ஒரு ஜங்ஷனை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது?

ராமானுஜன் இறங்கிய அதே விழுப்புரத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

இன்று விழுப்புரத்தில் இருந்து ஐந்து திசையில் ரயில் பாதை பிரிகிறது.

• திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னை
• கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் போகும் மெயின் லைன்
• விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன்
• திருக்கோவிலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி
• புதுச்சேரி

இதில் கார்டு லைன் 1920-களின் கடைசியில் வந்தது. ராமானுஜன் வந்தபோது நான்கு திசைதான்.

இதைக் கம்ப்யூட்டரில் சேமிக்க இரண்டு வழி உண்டு.

முதல் வழி அட்டவணை. எல்லா ஊர் பெயரையும் மேலே வரிசையாக எழுத வேண்டும். அதே பெயர்களை இடது பக்கமும் எழுத வேண்டும். இரண்டு ஊருக்கும் இடையே நேர் பாதை இருந்தால் கட்டத்தில் 1, இல்லாவிட்டால் 0. இதற்குப் பெயர் 'அட்ஜசென்சி மேட்ரிக்ஸ்'. விழுப்புரம் வரிசையில் திண்டிவனத்துக்கு நேராக 1 இருக்கும். மதுரைக்கு நேராக 0 இருக்கும்.

இதில் ஒரு நல்லது, ஒரு கெட்டது. இரண்டு ஊருக்கு இடையே பாதை இருக்கிறதா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். ஆனால் இடத்தை அடைத்துக்கொள்ளும். இந்திய ரயில்வேயில் 7,000-க்கும் மேற்பட்ட நிலையங்கள். 7,000 ஊருக்கு அட்டவணை போட்டால் 4.9 கோடி கட்டங்கள் வரும். அதில் கிட்டத்தட்ட எல்லாமே 0-தான். ஏனென்றால் ஒரு ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஸ்டேஷன் பெரும்பாலும் இரண்டுதான்.

இரண்டாவது வழி பட்டியல். ஒவ்வொரு ஊர் பெயருக்கும் எதிரே, அதன் பக்கத்து ஊர்களை மட்டும் எழுதி வைத்தால் போதும். பெரிய ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இப்படி இருக்கும்.

விழுப்புரம்: திண்டிவனம், கடலூர், விருத்தாசலம், திருக்கோவிலூர், புதுச்சேரி
திண்டிவனம்: விழுப்புரம், செங்கல்பட்டு
திருக்கோவிலூர்: விழுப்புரம், திருவண்ணாமலை

இதற்குப் பெயர் 'அட்ஜசென்சி லிஸ்ட்'. இல்லாத பாதைக்கு இடமே ஒதுக்க வேண்டாம். அதனால்தான் கோடுகள் குறைவாக உள்ள பெரிய கிராஃப்களுக்குப் பெரும்பாலும் இந்த வழியையே பயன்படுத்துகிறார்கள். பைத்தான் மொழியில் கிராஃப் வேலைக்கு அதிகம் பயன்படும் 'நெட்வொர்க்எக்ஸ்' என்ற லைப்ரரியும் இந்த மாதிரிதான். 2005-ல் வெளியான இந்த லைப்ரரி, ஊர் பெயரைக் கொடுத்தால் பக்கத்து ஊர்களை எடுத்துத் தரும் டிக்ஷனரிகளாகத்தான் கிராஃபை வைத்திருக்கிறது. ஊர்களையும் பாதைகளையும் நாம் சேர்த்தால் போதும். சேமிப்பதையும் தேடுவதையும் லைப்ரரி பார்த்துக்கொள்ளும்.

எல்லா ஊரையும் சுற்றி வருவது எப்படி?

சேமித்தாகிவிட்டது. இனி தேட வேண்டும். இதிலும் முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, அகலமாகத் தேடுவது. இதை 'பிஎஃப்எஸ்' என்பார்கள். விழுப்புரத்தில் ஆரம்பித்தால், முதலில் ஒரு தாவலில் போகக்கூடிய ஐந்து ஊரையும் பார்த்துவிட வேண்டும். பிறகுதான் இரண்டு தாவலில் போகக்கூடிய செங்கல்பட்டு, திருவண்ணாமலை, அரியலூர் மாதிரி ஊர்கள். அப்புறம் மூன்று தாவல். குளத்தில் கல் போட்டால் அலை வட்டம் வட்டமாகப் பரவுமே, அது மாதிரி.

ரேஷன் கடை க்யூ மாதிரி, முதலில் வந்த ஊர் முதலில் கவனிக்கப்படும். இந்த முறையில் ஒரு ஊரை முதலில் எத்தனாவது தாவலில் தொடுகிறோமோ, அதுதான் அந்த ஊருக்கான மிகக் குறைந்த தாவல்.

இன்னொன்று, ஆழமாகத் தேடுவது. இது 'டிஎஃப்எஸ்'. ஒரு பாதையைப் பிடித்தால் அது முடியும்வரை போவது. முட்டுச்சந்து வந்தால் கடைசியாகப் பிரிந்த இடத்துக்குத் திரும்பி வந்து, அடுத்த பாதையைப் பிடிப்பது. தட்டு அடுக்கு மாதிரி, கடைசியாக வைத்ததை முதலில் எடுக்க வேண்டும்.

இரண்டிலும் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பார்த்த ஊரை டிக் அடித்துக்கொண்டே போக வேண்டும்.

ஏன்? விழுப்புரத்தில் இருந்து கடலூர் போகலாம். கடலூரில் இருந்து நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகலாம். விருத்தாசலத்தில் இருந்து மறுபடி விழுப்புரம் வரலாம். இது ஒரு வட்டம். டிக் அடிக்காமல் போனால், கம்ப்யூட்டர் இந்த மூன்று ஊரையே விடிய விடியச் சுற்றிக்கொண்டிருக்கும். புதிதாக புரோகிராம் எழுதுகிறவர்கள் முதலில் மாட்டுவது இங்கேதான்.

தாவல் எண்ணிக்கை போதாது, கிலோமீட்டர் கணக்கும் வேண்டும் என்றால் அதற்குத் தனி முறை இருக்கிறது. நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1959-ல் வெளியிட்டது. மேப் ஆப்களில் வழி கண்டுபிடிக்கும் முறைகளுக்கு அதுதான் அடிப்படை.

கடிதம் கடிதமாக ஒரு தேடல்

இப்போது ராமானுஜன் கதைக்குத் திரும்பினால், அவர் அடுத்த மூன்று வருஷம் செய்ததும் ஒரு கிராஃப் தேடல் மாதிரிதான் இருக்கும்.

ராமசாமி ஐயரிடம் இருந்து பி.வி.சேஷு ஐயர். கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர், அப்போது சென்னையில் இருந்தார். சேஷு ஐயர் மூலமாக ஆர்.ராமச்சந்திர ராவ். இவர் நெல்லூர் கலெக்டர், கணிதச் சங்கத்திலும் முக்கியப் பொறுப்பில் இருந்தவர்.

ராமச்சந்திர ராவுக்கு முதலில் சந்தேகம்தான். பேசிப் பார்த்து, நோட்டைப் பார்த்து, பிறகுதான் நம்பினார். வேலைக்குப் போகாமல் கணக்கைக் கவனிக்கட்டும் என்று மாதம் 25 ரூபாய் தன் பணத்தில் இருந்து கொடுத்தார். 1911-ல் இந்திய கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. பெர்னூலி எண்கள் பற்றிய கட்டுரை அது.

1912 மார்ச் 1-ம் தேதி சென்னை போர்ட் டிரஸ்ட்டில் கிளார்க் வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கே மூத்த அதிகாரி எஸ்.நாராயண ஐயர், கணிதச் சங்கத்துக்காரர். சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், ஒரு இன்ஜினீயர். இரண்டு பேரும் பக்கபலமாக இருந்தார்கள்.

அடுத்து இங்கிலாந்துக்குக் கடிதங்கள். லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்குச் சென்னையில் இருந்து எழுதிக் கேட்டார்கள். அவர் கொஞ்சம் ஊக்கம் தந்தார், அதற்கு மேல் போகவில்லை. கேம்பிரிட்ஜின் பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதினார். பயன் இல்லை. அந்தப் பக்கம் முட்டுச்சந்து.

அத்தோடு நின்றிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் ராமானுஜன் அடுத்த பாதையைப் பிடித்தார். 1913 ஜனவரி 16-ம் தேதி, கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியின் ஜி.எச்.ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள், நிரூபணம் இல்லாமல்.

ஹார்டி முதலில் இது ஏமாற்று வேலையோ என்றுதான் யோசித்தார். சக பேராசிரியர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து பார்த்தபோது, எழுதியவர் முதல் தரமான கணித மேதை என்பது புரிந்தது.

கும்பகோணம், திருக்கோவிலூர், சென்னை, கேம்பிரிட்ஜ். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பது கஷ்டம்தான்.

கேம்பிரிட்ஜில் 5 வருஷம்

ஹார்டியின் ஆதரவு தெரிந்ததும் இங்கேயும் கதவு திறந்தது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. டிகிரி இல்லாத ஒருவருக்கு அது பெரிய விஷயம். 1914 மார்ச் 17-ம் தேதி நெவாசா கப்பலில் சென்னையில் இருந்து கிளம்பினார். சில மாதங்களில் முதல் உலகப்போர் வெடித்தது.

சுத்த சைவம். போர்க்காலம். குளிர். சாப்பாடே பெரும்பாடு. அதற்கு நடுவில்தான் அத்தனை ஆராய்ச்சியும் நடந்தது.

1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி மூலம் பி.ஏ. பட்டம் கொடுத்தது. ஒரு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு ஹார்டியுடன் சேர்ந்து அவர் கொடுத்த சூத்திரம் உலகப் புகழ் பெற்றது. 4 என்ற எண்ணை 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ 3,972,999,029,388 விதமாகப் பிரிக்கலாம்.

1918-ல் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். அதே வருஷம் ட்ரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்வானார். ட்ரினிட்டியில் அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

1916-ல் எழுதிய ஒரு ஊகம்

கிராஃபுக்கு அவர் பெயர் வரக் காரணம் 1916-ல் வெளியான ஒரு கட்டுரை.

அதில் 'டவ்' என்ற எண் வரிசையை ராமானுஜன் ஆராய்ந்தார். 1, -24, 252, -1472, 4830 என்று போகும். ஒழுங்கே இல்லாத மாதிரி ஏறி இறங்கும். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு என்று அவர் ஊகித்தார்.

எல்லை இதுதான். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 11 முறை பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 2-ஆல் பெருக்குங்கள். அந்த இடத்தில் வரும் டவ் மதிப்பு, குறி பார்க்காமல், அதைத் தாண்டாது.

சோதித்துப் பார்க்கலாம். பகா எண் 2. அதை 11 முறை பெருக்கினால் 2048. வர்க்கமூலம் சுமார் 45.25. இரண்டு மடங்கு சுமார் 90.5. இரண்டாவது டவ் எண் -24. எல்லைக்குள்தான் இருக்கிறது.

எல்லா பகா எண்ணுக்கும் இது உண்மையா? ராமானுஜன் நிரூபிக்கவில்லை. அதற்கு வேண்டிய கணிதமே அப்போது கிடையாது.

32 வயதில் மறைவு

1917-ல் இருந்தே உடம்பு சரியில்லை. சானடோரியம், நர்சிங் ஹோம் என்று அலைச்சல். அப்போது காசநோய் என்றார்கள். கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் மருத்துவ ரீதியாக ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள்.

1919-ல் ஊர் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே கணக்கு எழுதினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. மனைவி ஜானகி அம்மாள் அதன்பிறகு 70 வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 1994-ல் மறைந்தார்.

கடைசி நாட்களில் அவர் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அவற்றைக் கண்டெடுத்தார். 'தொலைந்த நோட்டுப் புத்தகம்' என்று இன்று சொல்வது அதைத்தான்.

1988: ராமானுஜன் கிராஃப் பிறந்தது

1916-ன் ஊகத்தை நிரூபிக்க 58 வருஷம் ஆனது. 1974-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் டெலீன் நிரூபணத்தை வெளியிட்டார். 1978-ல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

இதற்கிடையே கம்ப்யூட்டர் உலகத்தில் வேறு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க ஒவ்வொரு புள்ளிக்கும் சில கோடுகள்தான் கொடுக்க முடியும். ஆனால் எங்கிருந்தும் எங்கும் சீக்கிரம் போக வேண்டும். எந்தப் பகுதியும் தனியாகத் துண்டிக்கப்படக் கூடாது. அப்படி ஒரு வலையை எப்படி அமைப்பது?

ஒரு வலை நல்லதா இல்லையா என்று பார்க்க, முன்னால் பார்த்த அந்த 0, 1 அட்டவணை உதவும். அதில் இருந்து 'ஐகன் மதிப்பு' என்ற எண்களைக் கணக்கிடலாம். இந்த எண்கள் எவ்வளவு சிறியதாக இருக்கின்றனவோ, வலை அவ்வளவு நன்றாகப் பின்னப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மிகப் பெரிய எண்ணை மட்டும் இதில் சேர்ப்பதில்லை. அது ஒரு புள்ளிக்கு இருக்கும் கோடுகளின் எண்ணிக்கைதான்.

1988-ல் அலெக்ஸாண்டர் லுபோட்ஸ்கி, ரால்ஃப் பிலிப்ஸ், பீட்டர் சார்னக் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும், ஒரு பகா எண்ணைவிட ஒன்று கூடுதலாகக் கோடுகள் இருக்கும் கிராஃப்களை அமைத்துக் காட்டினார்கள். அவற்றின் மற்ற ஐகன் மதிப்புகள் எதுவும், அந்தப் பகா எண்ணின் வர்க்கமூலத்தைப் போல 2 மடங்கைத் தாண்டுவதில்லை.

வர்க்கமூலம், 2 மடங்கு. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? ஆமாம், ராமானுஜன் சொன்ன எல்லையின் அதே வடிவம்தான். இந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. அந்த ஊகத்தின் பொதுவான வடிவத்தில் இருந்து கிடைத்த முடிவை வைத்துத்தான் மூவரும் இதை நிரூபித்தார்கள். அதனால் ராமானுஜன் கிராஃப் என்று பெயர் வைத்தார்கள். ரஷ்யாவின் கிரிகோரி மார்குலிஸும் அதே சமயத்தில் தனியாக இதே மாதிரி கிராஃப்களைக் கண்டுபிடித்தார்.

இன்னொரு விஷயம். கோடுகளின் எண்ணிக்கையை மாற்றாமல் வலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இந்த எல்லையைவிட சொல்லிக்கொள்ளும்படி மேலாக எந்த வலையையும் அமைக்க முடியாது. அதுவும் நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

சின்ன உதாரணம்

பீட்டர்சன் கிராஃப் என்று ஒன்று உண்டு. 10 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 கோடுதான். மொத்தம் 15 கோடுகள்.

ஆனால் எந்தப் புள்ளியில் இருந்தும் எந்தப் புள்ளிக்கும் அதிகபட்சம் 2 தாவலில் போய்விடலாம். எந்த இரண்டு கோட்டை வெட்டினாலும் வலை துண்டாகாது. இதன் ஐகன் மதிப்புகள் 3, 1, -2. மூன்று கோடு உள்ள கிராஃபுக்கு எல்லை சுமார் 2.83. மூன்றைத் தவிர்த்தால், குறி பார்க்காமல் பெரியது 2. எல்லைக்குள் வருகிறது. ஆக, இதுவும் ஒரு ராமானுஜன் கிராஃப்.

இதற்கு நேர்மாறான வலையையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு பெரிய ஊர்க் கூட்டம், நடுவில் ஒரே ஒரு பாலம். அந்தப் பாலம் போனால் இரண்டு பக்கமும் தனித்தனி.

இன்று என்ன பயன்?

இப்படி குறைந்த கோடுகளில் நன்றாக இணைந்த கிராஃப்களுக்குப் பொதுப் பெயர் 'எக்ஸ்பாண்டர்'. அதில் ராமானுஜன் கிராஃப் உச்சம்.

• தகவல் அனுப்பும்போது வரும் பிழைகளைத் திருத்தும் முறைகளில் எக்ஸ்பாண்டர்கள் பயன்படுகின்றன.
• தகவல் பாதுகாப்பு முறைகளை உருவாக்கும் ஆராய்ச்சியில் ராமானுஜன் கிராஃப்கள் வருகின்றன. இதில் சில முயற்சிகள் உடைக்கப்பட்டும் இருக்கின்றன.
• டேட்டா சென்டரிலும் சூப்பர் கம்ப்யூட்டரிலும் கருவிகளை எப்படி இணைப்பது என்ற ஆராய்ச்சியிலும் இவற்றுக்கு இடம் உண்டு.
• நெட்வொர்க்எக்ஸின் புதிய பதிப்புகளில், ஒரு கிராஃப் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று சோதிக்கும் வசதியே இருக்கிறது.

ஆராய்ச்சியும் முடிந்துவிடவில்லை. 2013-ல் ஆடம் மார்கஸ், டேனியல் ஸ்பீல்மேன், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த நிகில் ஸ்ரீவஸ்தவா மூவரும், இரு பகுதியாகப் பிரியும் ராமானுஜன் கிராஃப்கள், கோடுகளின் எண்ணிக்கை மூன்றோ அதற்கு மேலோ எதுவாக இருந்தாலும் உண்டு என்று நிரூபித்தார்கள்.

திண்டிவனம் சொல்லும் பாடம்

விழுப்புரத்துக்கு ஐந்து திசை. பக்கத்தில் 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் திண்டிவனத்துக்கு? ரயில் கிராஃபில் இரண்டே கோடு. செங்கல்பட்டு பக்கம் ஒன்று, விழுப்புரம் பக்கம் ஒன்று. செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய பாதை அறிவித்துப் பல வருஷம் ஆகியும் அதில் இன்னும் ரயில் ஓடவில்லை.

அதே திண்டிவனத்தைச் சாலை கிராஃபில் பார்த்தால் கதையே வேறு. சென்னை, விழுப்புரம், புதுச்சேரி, செஞ்சி, வந்தவாசி, மரக்காணம் என்று பல திசை. அதே ஊர்தான், அதே மக்கள்தான். எந்த வலையில் எத்தனை கோடு இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒருவர் எங்கே போக முடியும் என்பது மாறுகிறது.

திண்டிவனத்தில் இருந்து திருவண்ணாமலைக்கு இப்போது ரயிலில் போக வேண்டும் என்றால், முதலில் தெற்கே விழுப்புரம் போய், அங்கே மாறித் திருக்கோவிலூர் வழியாகப் போக வேண்டும். ஒரு கோடு சேர்ந்தால் அந்தச் சுற்று மிச்சம்.

மனிதர்களின் வலையும் அப்படித்தான். ராமானுஜனின் திறமை 1904-லேயே அவரிடம் இருந்தது. குறைந்தது, அதைப் புரிந்துகொள்ளும் ஆளிடம் கொண்டு சேர்க்கும் ஒரு தொடர்பு. அதற்கு ஆறு வருஷம் ஆனது. அவர் வாழ்ந்ததே 32 வருஷம் என்று பார்த்தால், அது சின்ன காலம் இல்லை.

ராமானுஜனின் வாழ்க்கை ஒரு பார்வையில்

• 1887: ஈரோட்டில் பிறப்பு
• 1903: காரின் கணிதத் தொகுப்பு கிடைத்தது
• 1910: விழுப்புரம் வழியாகத் திருக்கோவிலூர் பயணம்
• 1911: முதல் ஆய்வுக் கட்டுரை
• 1912: சென்னை போர்ட் டிரஸ்ட்டில் வேலை
• 1913: ஹார்டிக்குக் கடிதம்
• 1914: இங்கிலாந்து பயணம்
• 1916: டவ் ஊகம் வெளியீடு
• 1918: ராயல் சொசைட்டி ஃபெலோ
• 1920: சென்னையில் மறைவு
• 1974: ஊகம் நிரூபணம்
• 1988: ராமானுஜன் கிராஃப்

2012-ம் ஆண்டைத் தேசிய கணித ஆண்டாக மத்திய அரசு கொண்டாடியது. அவர் பிறந்த டிசம்பர் 22, தேசிய கணித தினம். பள்ளியிலோ கல்லூரியிலோ கிராஃப் புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்கள், அன்றைக்குத் தங்கள் மாவட்டத்து ரயில் பாதைகளையே ஒரு அட்ஜசென்சி லிஸ்ட்டாக எழுதிப் பார்க்கலாம். எந்த ஊருக்குக் கோடு குறைவு, எந்த ஒரு கோடு அறுந்தால் யார் தனித்துப்போவார்கள் என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.